அலமாரி ஏறிய காதல் கதை

வீட்டை அலங்கரிப்பதற்குப் புத்தகங்களைப் பயன்படுத்துவது தகுமா, தகாதா என்ற வாதம் புத்தகப் பிரியர்களுக்குள்ளே சமீப காலத்தில் சூடேறியிருக்கிறது. முதுகின் நிறத்தைப் பார்த்துச் சிவப்பை ஒரு தட்டிலும் நீலத்தை ஒரு தட்டிலுமாக அடுக்குவதும், அதற்கும் ஒரு படி மேலே போய், நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவைத்து ஏடுகளின் வெண்ணிறம் மாத்திரம் கூடத்துக்குத் தெரியும்படி செய்வதும் கலைமகளுக்கு இழைக்கும் அபசாரம் என்று ஒரு சாரார் மனம் நோகிறார்கள். பணம் கொடுத்து வாங்கியவர் தம் வீட்டில் தம் பொருளைத் தமக்கு உகந்தபடி வைத்துக்கொள்வதில் பிறர் குறுக்கிட என்ன பாத்தியதை இருக்கிறது என்று மற்றொரு சாரார் கேட்கிறார்கள். இதே காலத்தில் காதல் நாவல்களின் பிரசுர முறையும் அடியோடு மாறி, மலிவு விலையில் அச்சாகி மாதம் முடிவதற்குள் கடையை விட்டு மறைந்துகொண்டிருந்த அந்தக் கதைகள், கெட்டி அட்டையும் வண்ணம் பூசிய விளிம்புமாகக் கண்ணாடி அலமாரிக்குள் வந்து அமர்ந்திருக்கின்றன. இந்த இரண்டு விஷயங்களையும் தனித்தனியே பேசுவதுதான் வழக்கமாக இருக்கிறது. எனக்கோ இவ்விரண்டும் ஒரே கேள்வியில் போய் முடிவதாகத் தோன்றுகிறது. ஒரு புத்தகத்துக்கு வீட்டில் கௌரவமான ஸ்தானம் கொடுப்பதைத் தீர்மானிப்பவர் யார், அந்தத் தீர்மானம் படிப்பதற்கு முன்னே நிகழ்கிறதா, படித்த பின்னே நிகழ்கிறதா என்பதே அந்தக் கேள்வி.

படிப்பதற்கன்றிப் பார்வைக்காகவே நூல்களைச் சேர்ப்பவர்களைப் பற்றிய மனக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ ஞானியான செனெக்கா, விருந்து மண்டபத்துக்கு அணிகலனாகச் சுருள் நூல்களை வாங்கி நிறைத்துவிட்டு, அவற்றின் தலைப்புக்கு மேல் ஒன்றையும் அறியாதிருந்த தனவந்தர்களைக் கடிந்து எழுதியிருக்கிறார். 1925-இல் வெளியான 'தி கிரேட் காட்ஸ்பி' என்னும் அமெரிக்க நாவலில், புதுப் பணக்காரர் ஒருவரின் மாளிகை நூலகத்துக்குள் நுழையும் விருந்தாளி, அங்கே உள்ளவை வெறும் அட்டைகளல்ல, மெய்யான புத்தகங்களே என்று கண்டு வியந்துபோகிறார். ஆனால் ஏடுகள் ஒட்டியபடியே வந்து வாங்கியவர் கத்தியால் பிரித்துப் படிக்க வேண்டியிருந்த அந்நாளில், அப்புத்தகங்களின் ஏடுகள் பிரிக்கப்படாமலே இருந்தன என்பதையும் அவரே கவனிக்கிறார். நியூயார்க்கில் 1927 முதல் நடந்துவரும் ஸ்ட்ராண்ட் புத்தகக் கடை, துணியைக் கெஜக்கணக்கில் விற்பது போலப் புத்தகத்தை அடிக்கணக்கில் விற்கும் பிரிவு ஒன்றை வைத்திருக்கிறது. இன்ன நிறத்தில் இத்தனை அடி, பழைய தோலட்டையில் இத்தனை அடி என்று ஹோட்டல்காரர்களும் சினிமா அரங்கம் அமைப்பவர்களும் வீட்டு அலங்கார நிபுணர்களும் கேட்டு வாங்கிப்போகிறார்கள். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில், உத்தியோகமும் வழக்கும் வகுப்பும் வீட்டுக் கணினித் திரைக்கு வந்து சேர்ந்தபோது, பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னே தெரியும் அலமாரி அவருடைய தகுதிப் பத்திரம் போல் ஆகிவிட்டதையும் நாம் கண்டோம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அலங்காரமே குற்றம் என்று நான் தீர்ப்பளிக்கப்போவதாக வாசகர் எண்ணிவிடலாகாது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படை நிர்வாகத்தில் உயர்ந்த பதவி வகித்தவரும், தம் நாட்குறிப்பினால் அழியாத கீர்த்தி பெற்றவருமான சாமுவேல் பீப்ஸ், சுமார் 3,000 நூல்களைச் சேர்த்து, பொருள் வகையால் அல்லாமல் உயர வரிசையில் அவற்றை அடுக்கி, குட்டையான நூல்களின் தலை மற்றவற்றின் தலையோடு சமமாக நிற்கும் பொருட்டு அவற்றின் அடியில் சிறு மரக்கட்டைகளைச் செய்வித்து வைத்தார். கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரிக்கு அவர் எழுதிவைத்துப்போன அந்த நூலகம் அவர் வகுத்த வரிசையிலேயே இன்றும் இருக்கிறது. பீப்ஸைப் படிக்காத மனிதர் என்று சொல்லத் துணிபவர் எவரும் இலர். நூலைத் தேடிச் சேர்த்து, படித்து, பட்டியலிட்டு, கண்ணுக்கு இனிமையாகவும் வைத்தார் என்பதே உண்மை. ஆகையால் நிறவாரியாக அடுக்கும் இளைஞரைக் கண்டு நாம் பதற்றமடைய வேண்டியதில்லை. பெயர் மறந்துபோன புத்தகத்தை அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் என்று நினைவிலிருந்து எடுப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்கு அந்த முறையும் ஒருவகைப் பட்டியலே ஆகும். முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கும் வழக்கத்தை மாத்திரம் என்னால் ஏற்க முடியவில்லை. தேடினால் அகப்படாதபடி ஒரு நூலை வைப்பது, மீண்டும் அதை எடுக்கப்போவதில்லை என்று பிரகடனம் செய்வதற்குச் சமானம்.

நம்முடைய சரஸ்வதி பூஜையும் இந்த விஷயத்தில் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. அன்றைக்கு நூல்களை அடுக்கி, பட்டு விரித்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பூச்சூட்டி அலங்கரிக்கிறோம்; அன்று ஒருநாள் அவற்றைப் படிப்பதில்லை. ஆனால் மறுநாள் விஜயதசமியன்று அதே அடுக்கிலிருந்து ஒரு நூலையாவது எடுத்துச் சில வரிகளாவது படித்தாக வேண்டும் என்று பெரியவர்கள் வகுத்துவைத்தார்கள்.

இனி, அந்த அடுக்கிலே கூட இடம் பெறாத நூல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்து அலமாரியில் சமய நூல்களும் சட்டப் புத்தகங்களும் கலைக்களஞ்சியத் தொகுதிகளும் வரிசையாக நின்ற வீடுகளில், அவ்வீட்டுப் பெண்கள் உண்மையில் இரவு பகலாகப் படித்த காதல் நாவல்கள் தலையணைக்கு அடியிலும், அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாலும், டிரங்குப் பெட்டியில் புடவை மடிப்புக்கு நடுவிலும் இருந்தன. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலைமையன்று. ஜேன் ஆஸ்டின், தாம் இறந்த பின்பு 1817-இன் இறுதியில் வெளிவந்த ஒரு நாவலில், படித்துக்கொண்டிருந்த நாவலை யாரேனும் பார்த்துவிட்டால் வெறும் நாவல்தான் என்று கூசி அதைக் கீழே வைத்துவிடும் இளம்பெண்ணைச் சித்திரித்து, அந்தக் கூச்சத்தை எதிர்த்து வெகு ஆவேசமாக வாதாடியிருக்கிறார். தமிழில் வை. மு. கோதைநாயகி அம்மாள், முறையான பள்ளிப் படிப்பு இல்லாத நிலையில் தம் முதல் படைப்பைத் தோழியிடம் சொல்லி எழுதுவித்து, பின்பு தாமே எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்களை எழுதிக் குவித்தார். அவரையும் அவருடைய கதைகளுக்கு ஏங்கியிருந்த ஸ்திரீகளையும் வைதிகர்கள் நிந்தித்தார்கள். பின்னாளில் 'லக்ஷ்மி' என்ற புனைபெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரிக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தபோதும், குடும்பப் பெண்கள் விரும்பிப் படிப்பதெல்லாம் இலக்கியத்துக்குப் புறம்பானது என்ற மனோபாவம் மறைந்துவிடவில்லை.

வாசகர் ஒளித்துவைத்த இந்த நூல்களைப் பிரசுரகர்த்தர்களும் நிலைத்திருக்கும்படி தயாரிக்கவில்லை. லண்டனில் 1908-இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் ஆரம்பத்தில் எல்லா வகை நூல்களையும் வெளியிட்ட நிறுவனம்; ஜாக் லண்டனும் பி. ஜி. வுட்ஹவுஸும் அதன் பட்டியலில் இருந்தார்கள். 1930-களில் அது காதல் கதைகளிலேயே ஊன்றி, பழுப்பு நிற அட்டையிட்ட புத்தகங்களை முக்கியமாக வாடகை நூல்நிலையங்களுக்கு விற்றது. அந்நூல்களுக்கு ஆசிரியரின் பெயரைக் காட்டிலும் அந்தப் பழுப்பு நிறமே அடையாளமாயிற்று. கனடாவில் வின்னிபெக் நகரில் 1949-இல் பிறந்த ஹார்லிகுவின், 1957 முதல் மில்ஸ் அண்ட் பூன் கதைகளை மலிவான மெல்லட்டைப் பதிப்புக்களாக மறுபிரசுரம் செய்து, 1971-இல் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. புத்தகக் கடைப் பக்கமே போகாத பெண்களைத் தேடிப் பலசரக்குக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நாவல்களை அனுப்பியதும், சலவைத்தூள் பெட்டிக்குள்ளே ஒரு பிரதியை இலவசமாக இட்டுப் பழக்கியதும் அந்த நிறுவனத்தின் சாமர்த்தியம்.

இந்த வியாபாரத்தின் உள்முறையை அறிந்தால் மனம் சங்கடப்படும். மாதந்தோறும் புதிய கதைகள் வரும்போது சென்ற மாதத்தவை அகற்றப்பட வேண்டும். விற்காத பிரதிகளை அப்படியே திருப்பியனுப்பச் செலவு அதிகம் என்பதனால், அமெரிக்கக் கடைக்காரர் மேலட்டையை மட்டும் கிழித்துக் கணக்குக்காக அனுப்பிவிட்டு, அட்டையிழந்த புத்தகத்தை அழித்துவிடுவார். 2003-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே எம்6 சுங்கச் சாலையை அமைத்தபோது, சுமார் 25 லட்சம் பழைய மில்ஸ் அண்ட் பூன் நாவல்களைக் கூழாக்கி, தாரும் கல்லும் ஒட்டிப் பிடித்து நிற்கும் பொருட்டுச் சாலையின் மேற்பரப்பில் கலந்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஒரு பக்கத்தில் எவரும் படிக்காத தோலட்டைத் தொகுதிகள் மாளிகையின் சுவரை அலங்கரிக்க, மறுபக்கத்தில் லட்சோபலட்சம் பெண்கள் படித்துக் கண்ணீர் விட்ட கதைகள் வண்டிச் சக்கரத்தின் கீழே போயின.

தமிழ்நாட்டில் அந்த மலிவுப் பதிப்பின் யுகம் வேறு விதமாக மலர்ந்தது. 1969-இல் 'ராணி முத்து' மாதம் ஒரு முழு நாவலை ஒரு ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, மாத நாவல்கள் பல கிளைத்து, பஸ் நிலையப் பெட்டிக்கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கின. ரமணிசந்திரனின் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் வாடகை நூல்நிலையங்களில் கைமாறிக் கைமாறி, அட்டை போய், முதல் ஏடு போய், ஒட்டுக் காகிதத்தின் தயவில் உயிர் வாழ்ந்தன. சென்னையில் அதே நூல்நிலையங்களின் மறு தட்டில் மில்ஸ் அண்ட் பூன் வரிசைகளும் இருந்தன. கல்லூரிப் பெண்கள் அவற்றை வாடகைக்கு எடுத்து, தாம் படித்ததற்கு அடையாளமாகக் கடைசிப் பக்க மூலையில் ஒரு புள்ளியோ எழுத்தோ இட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அத்தகைய ஒரு நூலின் கடைசிப் பக்கத்தை நிறைத்திருந்த அடையாளங்களைவிட உயர்ந்த அலங்காரத்தை எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை.

ஆயினும் தமிழ் வாசகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை அவர் வாரந்தோறும் கிழித்துச் சேர்த்தார். கல்கியில் 1950 முதல் 1954 வரை மணியத்தின் சித்திரங்களோடு வந்த 'பொன்னியின் செல்வ'னையும், குமுதத்தில் லதாவின் சித்திரங்களோடு வந்த சாண்டில்யனின் 'கடல் புறா'வையும் அப்படிச் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். கதை முடிந்ததும் கம்பியை நீக்கி, அத்தியாய வரிசை சரிபார்த்து, பிறந்தகம் போயிருந்தபோது தவறிய வாரத்தைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கெஞ்சி வாங்கி, மொத்தக் கட்டையும் பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் நூலால் தைத்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் ஒட்டி, முதுகுக்குக் காலிகோத் துணியும் மேலுக்கு மார்பிள் காகிதமும் இட்டு, ஓரங்களை ஒரு சீராக வெட்டிக் கொடுப்பார். சற்று அதிகமாகக் காசு தந்தால் முதுகில் தங்க எழுத்தில் கதையின் பெயரும் வரும். கணக்குப் பேரேடுகளுக்குச் செய்வது போல விளிம்பில் சிவப்புச் சாயம் தெளித்துக் கொடுத்த பைண்டர்களும் உண்டு. பக்கங்களின் மறுபுறத்தில் பாதித் துணுக்கும், பற்பொடி விளம்பரமும், அடுத்த வாரக் கதையின் அறிவிப்புமாக அக்காலத்து வாழ்வே அந்தக் கட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டது. எதைப் பைண்டு செய்வது, எதைப் பழைய காகிதக்காரருக்குப் போடுவது என்ற தீர்ப்பை ஒரு பத்திராதிபரும் ஒரு விமர்சகரும் அந்தப் பெண்மணிக்குச் சொல்லவில்லை. வாரக்கணக்காகக் காத்திருந்து படித்து, படித்ததைப் பற்றிக் கிணற்றடியிலும் திண்ணையிலும் விவாதித்து, அதன் பிறகு தாமாகவே அவர் வழங்கிய தீர்ப்பு அது. படித்து முடித்த மனம் தான் விரும்பியதற்குச் சூட்டிய அணி என்று அந்தக் காலிகோ முதுகைச் சொல்லலாம்.

இப்போது நிகழும் மாறுதலுக்கு வருவோம். காதல் கதையைப் படிக்கும் செயல் பெரும்பாலும் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அமேசானின் கிண்டில் சந்தா முறையில் 2015 முதல் ஆசிரியருக்குப் பணம் கிடைப்பது வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டுதான். 2016-இன் இறுதியில் அந்தக் கிண்டிலுக்குள் தமிழும் வந்து சேர்ந்தது. 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளிலும், எழுத்தாளர்களே நடத்தும் தளங்களிலும், தமிழ்ப் பெண்கள் அத்தியாயம் அத்தியாயமாகக் காதல் நாவல் எழுதுகிறார்கள். ஆயிரக்கணக்கான வாசகிகள் அன்றன்றைக்குப் படித்து, அன்றன்றைக்குத் தம் அபிப்பிராயத்தைச் சொல்கிறார்கள். நன்றாக ஓடிய கதை பின்பு மின்னூலாகி, அதன் பின்பு சிறு பதிப்பகத்தின் வாயிலாக அச்சுக்கும் வருகிறது. பத்திரிகை அலுவலகத்தின் வாசற்படியைக் கண்டறியாத இல்லத்தரசி ஒருவர் தம் எழுத்தால் தமக்கென ஒரு வருமானத்தை ஈட்டும் நிலைமையை இந்த மாறுதல் உண்டாக்கியிருக்கிறது என்பதை நான் மனமார வரவேற்கிறேன். பக்கக் கணக்குக்காகக் கதையை இழுப்பதும், பெண்ணை அடித்து வதைப்பவனையே கதாநாயகனாக்கி அவன் கொடுமையைக் காதலின் ஆழம் என்று வர்ணிப்பதும் அங்கே மலிந்திருப்பதை அதே மனத்தோடு கண்டிக்கிறேன். அமெரிக்காவிலும் 1972-இல் வெளியான காத்லீன் வுடிவிஸ் என்பவரின் புகழ்பெற்ற நாவலும் அதைப் பின்பற்றியவையும் பலாத்காரத்தைக் காதலின் தொடக்கமாகவே காட்டின. பெண்ணின் சம்மதம் இல்லாத இடத்தில் காதல் இல்லை என்ற நியாயத்துக்கு அந்நாட்டு வாசகிகளும் எழுத்தாளர்களும் பல ஆண்டுகள் விவாதித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். நம்முடைய வாசகிகளும் அந்த விவாதத்தை உரக்க நடத்த வேண்டும்.

அமெரிக்காவில் இன்னொரு வழக்கும் நடந்தது. விவியன் ஸ்டீவன்ஸ் என்ற கறுப்பினப் பெண் பதிப்பாசிரியர் முன்னின்று 1980-இல் நிறுவிய அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் வழங்கிவந்த பரிசு, 2019-க்கு முன்பு ஒரு கறுப்பின எழுத்தாளருக்கும் கிட்டியதில்லை. அவ்வாண்டின் இறுதியில் நிறவேற்றுமையைச் சுட்டிக்காட்டிய ஓர் உறுப்பினர் மீது சங்கம் நடவடிக்கை எடுக்கப்போய்ப் பெரும் கிளர்ச்சி மூண்டு, உறுப்பினர்கள் திரளாக விலகி, 2024-இல் அச்சங்கம் திவால் மனுச் செய்யும் நிலைக்கு வந்தது. எந்தப் பெண்ணின் காதல் அச்சில் ஏறத் தக்கது என்று சிலர் மாத்திரம் தீர்மானித்த காலம் அதனோடு முடிந்தது.

படிப்பு இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் போன பிற்பாடு, அச்சுப் புத்தகம் கண்ணுக்குத் தெரிவதையே தன் தொழிலாக மேற்கொண்டுவிட்டது. 2023-இல் வெளியான ரெபேக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' என்னும் காதலும் மாயமும் கலந்த நாவலின் முதற்பதிப்பு, விளிம்பில் சாயமிட்டு வெளிவந்து, அந்தப் பிரதிகள் பிற்பாடு அச்சு விலையைப் போல் பல மடங்குக்குக் கைமாறின. அந்த வரிசையின் மூன்றாவது நாவல் 2025 ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்தில் 27 லட்சம் பிரதிகள் விற்றதாகப் பதிப்பகத்தார் அறிவித்தார்கள். காதல் நாவல்களுக்கென்றே 2016-இல் கலிஃபோர்னியாவில் இரு சகோதரிகள் திறந்த 'தி ரிப்ட் பாடிஸ்' என்ற கடை, 2023-இல் நியூயார்க்கின் புரூக்ளினிலும் கிளை கண்டது. இவை யாவும் மகிழ்ச்சிக்குரியவையே. ஆனால் அதே 2025-இல், அமெரிக்காவின் பலசரக்குக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் புத்தகம் வழங்கும் பெரிய விநியோக நிறுவனமான ரீடர்லிங்க், சிறிய மெல்லட்டைப் பதிப்புக்களை அவ்வாண்டு இறுதியோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. வண்ண விளிம்புப் பதிப்பு எழுந்த வேளையிலேயே ஏழைப் பெண்ணின் மலிவுப் பதிப்பு சாய்கிறது என்பது என் மனத்தை வருத்துகிறது.

தான் கைப்பேசியில் படித்து உருகிய கதையை, பிறகு அழகிய பதிப்பாக வாங்கி அலமாரியில் வைத்து, அதைப் படம் பிடித்துத் தோழிகளுக்குக் காட்டும் இளம்பெண்ணைப் பரிகசிக்கும் புத்தகப் பிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவள் செய்வது, தன் பாட்டி காலிகோ முதுகு கட்டிச் செய்ததேயாகும். பாட்டி டிரங்குப் பெட்டியில் ஒளித்ததைப் பேத்தி கூடத்தில் வைக்கிறாள் என்றால், அது நாணயமான முன்னேற்றமே. 1984-இல் ஜேனிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் படிக்கும் பெண்களோடு பழகி எழுதிய நூலில், கணவனுக்கும் குழந்தைகளுக்கும் ஓயாது ஊழியம் செய்யும் அவர்கள் தமக்கென்று வேலியிட்டுக்கொண்ட நேரம் அந்தப் படிப்பு நேரமே என்று விளக்கினார். அந்த நேரத்தின் அடையாளம் ஒன்று வீட்டாரின் கண்ணெதிரே நிற்பது நியாயம்.

நான் மறுப்பது வரிசை தலைகீழாவதை. எந்தக் கதைக்கு அழகிய முதுகு தகும் என்று படித்த வாசகி தீர்மானித்த காலம் போய், ஒருவரும் படிக்காத முன்பே, முதற்பதிப்புக்கு மாத்திரம் வண்ணம், அதுவும் குறிப்பிட்ட பிரதிகளுக்கு மாத்திரம் என்று பதிப்பகம் தீர்மானித்து, இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்ற பதைப்பை விற்கிறது. அந்தப் பதைப்பில் வாங்கிய புத்தகங்கள் உறை பிரியாமல் அடுக்கில் நிற்கும்போது, எந்தக் காதல் கதையை எந்தத் தட்டிலும் நிற்கவிடாமல் அறிவாளிகள் நிந்தித்தார்களோ அதே காதல் கதை, படிக்கப்படாத அலங்காரப் பண்டமாகிவிடுகிறது. எழுத்தாளருக்கும் இதில் நன்மையில்லை; விளிம்பின் சித்திரத்துக்காக வாங்கியவர் அடுத்த கதைக்குக் காத்திருப்பதில்லை, அடுத்த விளிம்புக்கே காத்திருக்கிறார்.

ஆகவே தமிழ்ப் பதிப்பாளர்களை நான் வேண்டிக்கொள்வது இது: மின்னூலில் மக்கள் படித்துக் கொண்டாடிய கதைகளுக்குச் சிறப்புப் பதிப்பு தாராளமாகப் போடுங்கள், ஆனால் அதே கதையின் மலிவுப் பதிப்பு ஒன்றும் பஸ் நிலையக் கடையிலும் மாவட்ட நூலகத்திலும் கிடைக்கும்படி செய்யுங்கள். நூலகங்களுக்கு நூல் தேர்வு செய்வோர், காதல் நாவல் என்ற காரணத்துக்காக ஒரு நூலை ஒதுக்காமல், அதன் எழுத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வாசகர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்தவரும் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவருமான ரோஜா முத்தையா, உயர்ந்தது தாழ்ந்தது என்று பாராமல் நாவல்களையும், நாடக நோட்டீஸுகளையும், பாட்டுப் புத்தகங்களையும், பத்திரிகைகளையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பின், ஏறத்தாழ 1,00,000 எண்ணிக்கை கொண்ட அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. பண்டிதர்கள் புறக்கணித்த எத்தனையோ நாவல்கள் இன்று ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டுவது அந்த ஒருவருடைய சிரத்தையினால். உங்கள் பாட்டியோ தாயாரோ பைண்டு செய்து வைத்த தொடர்கதைக் கட்டுக்கள் பரணில் இருக்கக்கூடும். வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் இறக்கித் தூசி தட்டிப் படியுங்கள். படித்து முடித்த பிறகு கூடத்து அலமாரியில் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். வைக்க இடமில்லையென்றால், அவற்றைப் பேணத் தெரிந்த ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.